சந்தையில் நிறைய, சபையில் மூவர்

பசிபிக் கடலில் சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாரா. அதன் மத்தியச் சந்தையில் பாக்கு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கீரை என்று கடை விரித்திருப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

1998-ல் குவாடல்கனால் தீவுக்காரர்களுக்கும் மலைட்டா தீவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கும் மோதல் மூண்டது. 2000-ல் ஆயுதக் குழுக்கள் நகரச் சாலைகளை மறித்தன. கிராமத்துப் பெண்களால் சந்தைக்கு வர முடியவில்லை. நகரத்துப் பெண்கள் தடுப்பரண்களைத் தாண்டிப்போய் மளிகைச் சாமான் கொடுத்துக் காய்கறி வாங்கினார்கள். துப்பாக்கி ஏந்திய இளைஞர்களிடம் வீடு திரும்பச் சொல்லி மன்றாடினார்கள்.

அந்த ஆண்டு அக்டோபர் 15-ல் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. பேச்சுவார்த்தையில் பெண்களுக்கு இடமில்லை. சமாதானப் பேச்சில் பெண்களும் பங்கேற்க வேண்டும் என்ற 1325-ம் தீர்மானத்தை ஐ.நா. பாதுகாப்பு சபை நிறைவேற்றியது அதற்கு 16 நாள் கழித்து!

ஒப்பந்தம் நிலைக்கவில்லை. 2003-ல் ஆஸ்திரேலியா தலைமையில் பன்னாட்டுப் படை வந்த பிறகே அமைதி திரும்பியது. 2014-ல் குடும்ப வன்முறைக்கு எதிரான சட்டம் வந்தது. 1325-ஐ அமலாக்க 2017-2021க்கான தேசியச் செயல்திட்டமும் உருவானது. ஆனால் 2024 தேர்தலில் 50 இடங்களில் வென்ற பெண்கள் மூவர்தான். சந்தையில் பெண்களைத் தேட வேண்டியதில்லை. நாடாளுமன்றத்தில் தேட வேண்டியிருக்கிறது.