நாய் நாட்டும் எல்லைக்கல்

பிறர் வாசலில் வந்து நின்று, "இது எம்முடையது" என்று அடையாளமிட்டுப் போகும் வழக்கம் நாய்களுக்கு மட்டும் உரியதன்று. பழவேற்காட்டின் சரித்திரத்தைப் புரட்டினால் இது நன்கு விளங்கும். முதலில் பறங்கியர் வந்தனர். பின்னர் ஒல்லாந்தர் வந்து 1613-ல் கெல்ட்ரியா என்னும் கோட்டையை எழுப்பினர். 1825-ல் ஊர் நிலையாக ஆங்கிலேயர் கைக்குப் போய்ச் சேர்ந்தது. ஒருவர் போட்ட குறியின்மேல் மற்றொருவர் குறி போட்டார். ஏரியில் வலை வீசியவர்களின் சம்மதத்துக்கு இதில் யாதொரு வேலையும் இருக்கவில்லை. இன்று அக்கோட்டை மேடும் புதருமாகக் கிடக்கிறது. ஊர் நாய்கள் அதன் செங்கற்களின்மேல் காலைத் தூக்கித் தத்தம் உரிமையைப் பதிவு செய்து வருகின்றன. ஏகாதிபத்தியத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நாம் படித்ததில்லை.

ஆனால் கோட்டைச் சுவரில் வேடிக்கையாயிருப்பது வீட்டுச் சுவரில் வேடிக்கையாயிருப்பதில்லை. நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இந்த அற்ப விஷயத்துக்காக நம் நாட்டில் எத்தனையோ நாய்கள் வீட்டை விட்டுத் துரத்தப்படுகின்றன.

சென்ற மார்கழியில் பூநாரைகளைக் காணப் பழவேற்காடு சென்றிருந்தபோது, ஏரிக்கரைக் குப்பம் ஒன்றில் நமக்குத் தெரிந்த மீனவர் வீட்டில் தங்கினோம். ஆழிப் பேரலைக்குப் பிறகு கட்டிக் கொடுத்த சிமெண்டு வீடு. வலைக்குவியல், ஐஸ் பெட்டி, மீன்கூடை, அரிசி மூட்டை எல்லாம் ஒரே கூடத்தில். மூன்று வயதுள்ள செவலை நாய் ஒன்று அங்கே வளர்ந்து வந்தது. சில மாதங்களாக அது வலையின்மேலும் கதவு நிலையின்மேலும் சிறுநீர் விடத் தொடங்கியிருந்தது. கடைசியாக அரிசி மூட்டையிலும் கை வைத்துவிட்டது. கை என்பது உபசார வழக்கு.

"போதும் ஐயா. நாளைக்குப் படகுல ஏத்திக்கினு போய் அக்கரையில விட்டுடப் போறாங்க" என்றார் வீட்டு அம்மாள். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. வீட்டின் சிறு பெண்ணோ காலை முதல் யாருடனும் பேசவில்லை.

அக்கரை என்பது நாய்க்குச் சாதாரண இடமன்று. அங்குள்ள நாய்களுக்கு அது அந்நியன். கூட்டமாகச் சேர்ந்து குதறும், தப்பினாலும் பட்டினிதான். தெருவில் சொந்தக்காரரின்றி நாய்கள் திரிவது நாய்களின் குற்றமன்று, சமூகத்தின் குறையே என்னும் கருத்தைக் காந்தியடிகள் 1926-ல் தமது பத்திரிகையில் விரிவாக எழுதினார். அக்கட்டுரைகளில் அவர் கூறிய வேறு சிலவற்றை அக்காலத்திலேயே பலர் ஒப்பவில்லை. ஆயினும் இந்த ஒன்று இன்றும் மறுக்க முடியாதது. 2004 டிசம்பர் 26-ந் தேதி புதுச்சேரியை அடுத்த சின்னகாலாப்பட்டில், கடலோரக் குடிசைக்குள் ஓடி ஒளிந்த சிறுவனை அவ்வீட்டு நாய் கவ்வியும் தள்ளியும் மேட்டுக்குக் கொண்டு சேர்த்த செய்தி உலகமெங்கும் பரவிற்று. கடலோர ஜனங்கள் இதை மறக்கவில்லை. எனினும் அரிசி மூட்டை நனைந்த அன்று பழைய நன்றிகள் நினைவுக்கு வருவது கடினந்தான்.

நாய் ஏன் இப்படிச் செய்கிறது? வயிறு முட்டி ஒழிப்பது வேறு, குறியிடுவது வேறு. முன்னதில் தரையில் பெருக்காகத் தேங்கும். பின்னதில் நிமிர்ந்து நிற்கும் பொருளின்மேல் சிறிதளவே தெளிக்கும். பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியில் இன்னார் இன்ன இடத்தில் இன்ன நாள் வலை விரிக்கலாம் என்பதைப் 'பாடு' என்னும் முறையால் தமக்குள் வகுத்துக் கொண்டிருக்கிறார்கள். நாய்களுக்குக் கூடிப் பேச ஊர்க்கூட்டம் இல்லை. ஆகையால் மூக்குக்குப் புரியும் எழுத்தில் எழுதி வைக்கின்றன. கரையில் உலரும் வலையின்மேல் ஊர் நாய்கள் எழுதிவிடுகின்றன. அந்த வலையை அப்படியே சுருட்டிக் கூடத்தில் கொண்டுவந்து போட்டால், வீட்டு நாய் பதில் எழுதாமல் என்ன செய்யும்?

ஒன்றை முதலில் பார்த்துவிட வேண்டும். நன்றாயிருந்த நாய் திடீரென்று அடிக்கடி சிறுநீர் விட்டாலும், முக்கினாலும், இரத்தம் கண்டாலும் அது வியாதி. கால்நடை வைத்தியரிடம் காட்டுவதே வழி. செவலைக்கு அத்தகைய அறிகுறி ஒன்றுமில்லை.

அவ்வீட்டார் தினமும் கழுவாமலில்லை. பினாயிலை ஊற்றி ஊற்றித் துடைத்தே அம்மாளின் கை தோலுரிந்திருந்தது. பினாயில் நம் மூக்கை ஏமாற்றுமேயன்றி நாயின் மூக்கை ஏமாற்றாது. சிறுநீரிலுள்ள யூரியாவைக் கிருமிகள் சிதைக்கும்போது நவச்சார நெடியுள்ள அமோனியா உண்டாகிறது. ஆகவே அமோனியா கலந்த துப்புரவு நீரால் கழுவுவது, பழைய எழுத்தின்மேல் மறுபடி மை தீட்டுவதற்குச் சமம். பிளீச்சிங் பவுடரோ இன்னும் மோசம். சிறுநீரின் அமோனியாவுடன் அது கலந்தால் நுரையீரலைத் தாக்கும் நச்சு வாயு எழும். காற்றோட்டமில்லாத சிறு கூடத்தில் அதைக் கொட்டுவது ஒரு நாளும் கூடாது.

எம் யோசனை செலவில்லாதது. ஈரம் புதிதாயிருந்தால் தேய்க்காமல் பழந்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். பிறகு நொதி கலந்த சலவைத்தூளை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்ற வேண்டும். கடைகளில் கிடைக்கும் தூள்களில் சிலவற்றில் நொதி உண்டு. உறையைப் பார்த்து வாங்கலாம். கொதிநீர் ஆகாது, நொதி கெட்டுவிடும். நாற்றத்துக்குக் காரணமான பொருள்களையே கரைத்து அழிப்பது நொதியின் வேலை. அதற்கு நேரம் வேண்டும். ஆதலால் நனைந்த துணியை அவ்விடத்தில் போட்டு ஈரம் காயாமல் சில மணி நேரம் வைத்து, நல்ல தண்ணீரால் அலசி, உலர விட வேண்டும். புளித்த காடியைச் சமபாகம் நீர் சேர்த்துத் துடைப்பதும் நெடியைத் தணிக்கும். ஆனால் அவ்வூரின் பழைய வீடுகளில் கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு உண்டு. புளிப்பு சுண்ணாம்பை அரித்துவிடும், அங்கே வேண்டாம். மண் தரையானால் ஊறிய மண்ணைச் சுரண்டி எறிந்து புதுமண் இட்ட பிறகே மெழுக வேண்டும். ஊறிய கோரைப்பாய்க்குப் பரிகாரமில்லை, போனது போனதுதான்.

வலையை அலசி, தரையில் போடாமல் உத்தரத்திலிருந்து கயிறு கட்டி, நாயின் கால் எட்டாத உயரத்தில் தூக்கி மாட்டினார்கள். தெருநாய்கள் கண்ணில் படாதவாறு வாசலில் ஓலைத் தட்டி ஒன்று வைத்தார்கள். கதவு நிலையருகே, கழுவி உலர்ந்த பின், நாயின் சோற்றுத் தட்டை வைக்கச் சொன்னோம். உண்ணும் இடத்தைக் குறியிட்டுக் கெடுக்க நாய்கள் பெரும்பாலும் விரும்புவதில்லை.

அடிப்பதைப் பற்றித்தான் வீட்டு ஆண்களுடன் வாதம் வந்தது. மூக்கைப் பிடித்துக் கறையில் தேய்த்து நாலு சாத்துச் சாத்தினால் புத்தி வரும் என்பது அவர்கள் கட்சி. செய்து நாழிகை கழிந்து அடித்தால் எதற்கு அடி என்று நாய்க்கு விளங்காது. ஆட்களைக் கண்டால் அஞ்சி மறைவில் போய் விடப் பழகும். அச்சமே குறியிடுதலை அதிகமாக்கவும் கூடும். முகர்ந்து வட்டமிடத் தொடங்கும்போதே கை தட்டிக் கூப்பிட்டு வெளியே கொண்டுபோய், அங்கே விட்டதும் முள் நீக்கிய அவித்த மீன் ஒரு துண்டு கொடுங்கள் என்றோம். "மனுசனுக்கே மீனு இல்ல" என்று பெரியவர் முணுமுணுத்தார். சிறு பெண் மட்டும் அந்த உத்தியோகத்தைத் தான் ஏற்பதாகக் காலை முதல் காத்த மௌனத்தைக் கலைத்துச் சொன்னாள். விடியற்காலையிலும், சோறு தின்ற பின்னும், தூங்கி எழுந்ததும் கயிற்றில் பிடித்து வெளியே அழைத்துப் போவதும் அவள் பொறுப்பாயிற்று.

அவளுக்குக் கண்டிப்பாகச் சொன்னது ஒன்று உண்டு. எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரா நோய், நோயுற்ற நாயின் சிறுநீராலும் பரவக்கூடும். தோலிலுள்ள வெடிப்பு, காயம் வழியாக உட்புகும். உப்பு நீரில் ஊறிக் கால் வெடித்த மீனவர் வீட்டில் இது லேசான சங்கதியன்று. வெறுங்கையால் துடைக்கலாகாது, துடைத்தபின் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். நாய்க்கு இந்நோய்க்குத் தடுப்பூசியும் உண்டு.

மீதியிருப்பது கருத்தடை அறுவை. ஆண் நாய்களில் பலவற்றுக்கு இதனால் குறியிடும் பழக்கம் வெகுவாகக் குறைகிறது. சிலவற்றுக்கு முழுதும் நிற்பதில்லை. வழக்கம் வேரூன்றுமுன் செய்வது நலம். சென்னையில் 1959-ல் தோன்றிய புளூகிராஸ் சங்கம், கொல்லாமல் கருத்தடை செய்வதை 1964-லேயே தொடங்கியது; மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 வரை ஆயிற்று. பழவேற்காட்டிலிருந்து சென்னை சுமார் அறுபது கிலோமீட்டர்.

படகுப் பயணம் ஒத்திவைக்கப்பட்டது. மூன்று வாரத்தில் செவலை இரண்டு தடவைதான் உள்ளே காலைத் தூக்கிற்று என்றும், இரண்டும் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வந்த ஐஸ் பெட்டியின்மேல் என்றும் பின்னர் செய்தி வந்தது. இறால் காலம் முடிந்ததும் அதை அறுவைக்குக் கொண்டுபோவதாயிருக்கிறார்கள்.