தண்ணீர்ப் படிக்கட்டில் ஏறிய கப்பல்



மூன்று வாரமாக நான் இந்தப் பக்கம் வரவில்லை. "டீச்சர் நலமா?" என்று கேட்டு எழுதிய எல்லோருக்கும் நன்றி. நலமே. டொராண்டோவில் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். இங்கிருந்து ஒரு வாரம் கப்பலில் போய் வந்தோம். கடலில் இல்லை, ஏரியில்.

"ஏரியில கப்பலா மதினி?" என்று நாத்தனார் போனில் சிரித்தாள். நம் ஊர்க் குளத்தை நினைத்துக்கொண்டால் சிரிப்பு வரத்தான் செய்யும். சுப்பீரியர், மிச்சிகன், ஹியூரான், ஈரி, ஒண்டாரியோ. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஹோம்ஸ்' என்று உங்களை மனப்பாடம் செய்ய வைத்தேனே, அதே ஐந்து ஏரிகள்தான். மொத்தப் பரப்பு சுமார் 2,44,000 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. உலகின் ஏரிகளிலும் ஆறுகளிலும் இருக்கும் நன்னீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இங்கேதான் இருக்கிறது. அலை அடிக்கிறது, மறுகரை தெரியவில்லை. உதட்டில் பட்ட தண்ணீரில் மட்டும் உப்பு இல்லை.

எங்கள் வீட்டு இன்ஜினியர் சாரை உங்களில் பலருக்குத் தெரியும். பொதுப்பணித்துறையில் கன்னடியன் கால்வாய்ப் பக்கம் வருஷக்கணக்காக மதகும் ஷட்டருமாக வாழ்ந்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கோலூன்றி நடக்கிறார். வலது கை முழுதாகத் தூக்க வராது. பேச்சு கொஞ்சம் குழறும். அதனாலேயே வெளியாட்கள் முன்னால் வாய் திறப்பதை நிறுத்திவிட்டார். உறவுக்காரர்கள் வந்தாலும் தலையசைப்பதோடு சரி. வீட்டில் என்னிடம்கூட நாளுக்குப் பத்து வார்த்தைதான்.

மகள் இதையெல்லாம் யோசித்துத்தான் கப்பலைத் தேர்ந்தெடுத்தாள். பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும். அறை மாற வேண்டாம், பஸ் ஏறி இறங்க வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் ஊர்கள் நம்மிடம் வரும். "எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்றார் அவர். மகள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

டொராண்டோவில் கிளம்பி, ஒண்டாரியோ ஏரியைக் கடந்து வெல்லண்ட் கால்வாய்க்குள் நுழைந்தோம். நயாகரா அருவி இருப்பதால் ஒண்டாரியோவுக்கும் ஈரிக்கும் நடுவே ஆற்றில் கப்பல் போக முடியாது. இரண்டு ஏரிகளின் நீர்மட்டத்துக்கும் வித்தியாசம் சுமார் 100 மீட்டர். அதற்காகத்தான் இந்தக் கால்வாய். முதலில் வெட்டியது 1829இல் திறக்கப்பட்டது. இப்போது இருப்பது நான்காவது, 1932இல் திறந்தது. நீளம் 43 கிலோமீட்டர். நடுவில் எட்டு லாக்குகள். லாக் என்றால் முன்னும் பின்னும் கதவு வைத்த பெரிய சிமெண்ட் தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் பின்கதவை மூடுகிறார்கள். மேலிருந்து தண்ணீரை விடுகிறார்கள். கப்பல் மெல்ல உயர்கிறது. மேல்மட்டம் வந்ததும் முன்கதவு திறக்கும். அடுத்த படி! முதல் ஏழு லாக்குகளும் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட நான்கு மாடி உயரம் தூக்குகின்றன. எங்கள் கப்பலுக்கும் சுவருக்கும் நடுவே அரை மீட்டர்கூட இல்லை.

முதல் லாக்கில் சார் நாற்காலியில் இருந்தார். இரண்டாவதில் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூன்றாவதில், பக்கத்தில் நின்ற ஒரு வயதான அமெரிக்கர் தன் மனைவியிடம், "இவ்வளவு தண்ணீரை ஏற்ற எவ்வளவு பெரிய பம்ப் வேண்டும்!" என்றார்.

"நோ பம்ப்" என்று ஒரு குரல். திரும்பிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்காரர்! "ஒன்லி கிராவிட்டி. வால்வு ஓப்பன், வாட்டர் கம்ஸ்."

அவர் சொன்னது சரி. இந்த லாக்குகளை நிரப்பப் பம்ப் கிடையாது. மேலே இருக்கும் தண்ணீர் தன் எடையாலேயே இறங்கி நிரப்புகிறது. காலியாகும்போதும் அப்படியே கீழே வடிகிறது. அந்தப் பெரியவர் விடவில்லை. அவ்வளவு தண்ணீரைக் கதவு எப்படித் தாங்குகிறது என்று கேட்டார். இரண்டு கதவும் ஒரே நேர்க்கோட்டில் மூடாது, மேல்நீரைப் பார்த்து ஆப்பு மாதிரி கூம்பி நிற்கும், தண்ணீர் அழுத்த அழுத்த இன்னும் இறுகும். இதை விளக்க இரண்டு கை வேண்டுமே! சார் இடது கையால் வலது கையைத் தூக்கி நிறுத்தி, இரண்டு உள்ளங்கையையும் சாய்த்துச் சேர்த்துக் காட்டினார். வார்த்தை குழறியது, நடுவே தமிழும் கலந்தது. அவர் நிறுத்தவில்லை. சுற்றி ஆறேழு பேர் நின்று கேட்டார்கள். பிசியோதெரபிக்காரர் மாதக்கணக்கில் கெஞ்சியும் தூக்காத கை அது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நானும் ஏரியைப் பார்ப்பது போல நின்றேன்.

நான்கு, ஐந்து, ஆறு மூன்றும் ஒன்றையொன்று ஒட்டிய படிக்கட்டு. சாப்பிடக் கூப்பிட்டும் வரவில்லை. "நீ போ டீச்சர், இது முடியட்டும்" என்றார். 'டீச்சர்' என்ற அந்தப் பழைய கேலியைக் கேட்டு இரண்டு வருடமாயிற்று.

அன்று இரவு கப்பலில் ஒரு சொற்பொழிவு. கால்வாய்க்கு இன்னொரு முகமும் உண்டு. கடல் லாம்ப்ரே என்று விலாங்கு போன்ற ஒரு பிராணி, மீனின் உடம்பில் வாயை ஒட்டி ரத்தம் உறிஞ்சும். நயாகரா அருவி அதை மேலே விடாமல் தடுத்திருந்தது. கால்வாய் வழி கிடைத்ததும் 1921இல் ஈரியில் தென்பட்டது. 1930களின் முடிவுக்குள் மேலே உள்ள எல்லா ஏரிகளுக்கும் பரவி, டிரவுட் மீன் தொழிலையே சாய்த்துவிட்டது. அமெரிக்காவும் கனடாவும் 1955இல் கூட்டாக ஒரு மீன்வள ஆணையம் வைத்து, ஓடைகளில் அதன் குஞ்சுகளை மட்டும் கொல்லும் மருந்து விட்டு, இன்றுவரை கட்டுப்படுத்திக்கொண்டிருக்கின்றன. முழுதாக ஒழிக்க முடியவில்லை.

அறைக்கு வந்ததும் சார் சொன்னார்: "மதகைத் திறந்தா தண்ணி மட்டுமா வரும்? திறந்தவன் தினம் காவல் இருக்கணும்." முப்பது வருடம் மதகுச் சாவியோடு அலைந்தவர் சொன்னது. நான் பாடம் எடுத்தபோது இது தோன்றியதே இல்லை.

மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரி ஆழம் குறைந்த ஏரி. காற்று அடித்தால் அலை சட்டென்று எழும். ஒரு ராத்திரி எலுமிச்சை ஊறுகாய்தான் என்னைக் காப்பாற்றியது. டெட்ராய்ட்டில் நின்று தெற்கே பார்த்தால் தெரிவது கனடா! வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மெக்கினாக் தீவில் 1898இலிருந்து மோட்டார் வண்டிக்குத் தடை. குதிரை வண்டிதான். சாரை ஏற்றி இறக்க வண்டிக்காரரே கை கொடுத்தார். மில்வாக்கியில் இறங்கி விமானத்தில் டொராண்டோ திரும்பினோம்.

இன்பாக்ஸில் வந்த கேள்விகளுக்குப் பதில்: கனடா, அமெரிக்கா இரண்டு விசாவும் வேண்டும். கப்பல் கோடைக்காலத்தில்தான் ஓடும். ஸ்வெட்டர் கட்டாயம். சைவம் கிடைக்கும், ஆனால் பருப்புப்பொடி கொண்டு போங்கள். செலவு அதிகம், மறைக்கவில்லை. மகளும் மருமகனும் போட்டதால் போனோம். கைச்செலவுக்குள் வேண்டுமென்றால் ஆலப்புழையிலிருந்து வேம்பநாட்டுக் காயலில் படகு இருக்கிறது. வீட்டில் முடங்கிக் கிடக்கும் பெரியவர்களை அதிலாவது ஏற்றுங்கள். அவர்கள் பார்த்த வேலை என்னவோ, அதைப் பற்றி ஏதாவது கேளுங்கள்.

சாருக்கு நீங்கள் போனே செய்யலாம். இப்போது அவரே எடுத்துப் பேசுகிறார். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். லாக் பற்றி மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், அரை மணி நேரம் ஆகும்.

அனைவருக்கும் எங்கள் ஆசிகள்.