மனம் விலகிய ஆட்டக்காரர்

கால்பந்து ரசிகர்களிடையே ஒவ்வொரு கோடையிலும் தவறாமல் எழும் விவாதம் ஒன்று உண்டு. அணியின் முதன்மையான ஆட்டக்காரர் வெளியேற விரும்புகிறார். ஒப்பந்தத்திலோ இன்னும் சில ஆண்டுகள் மீதமிருக்கின்றன. அவரை விற்றுவிடுவதா, பிடித்து நிறுத்துவதா? தமிழ் இலக்கியம் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். நள்ளிரவு தாண்டியும் ஐரோப்பிய ஆட்டங்களைப் பார்த்துவிட்டுக் காலையில் முதல் வகுப்புக்குச் செல்லும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் நாம். லிவர்பூல் அணியின்மீது நமக்குள்ள சாய்வையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம்.

போக நினைப்பவரைப் போகவிடுவதே நல்லது என்பது ஒரு கட்சி. கையெழுத்திட்டவர் ஆடித்தான் ஆகவேண்டும் என்பது மறு கட்சி. லிவர்பூலின் அனுபவம் இரண்டுக்கும் முழுமையாக இடம் கொடுப்பதில்லை.

2013 கோடையில் லூயிஸ் சுவாரஸ் வெளியேறத் துடித்தார். ஆர்சனல் 4 கோடி பவுண்டுக்கு மேல் ஒரே ஒரு பவுண்டு சேர்த்து விலை கேட்டது. லிவர்பூல் மறுத்தது; சுவாரஸைத் தனியே பயிற்சி செய்ய வைத்தது. கசந்த மனத்தோடு இவர் என்ன ஆடிவிடப் போகிறார் என்றார்கள் பலர். அந்தப் பருவத்தில் அவர் 33 லீக் ஆட்டங்களில் 31 கோல் அடித்தார். 2 புள்ளி வித்தியாசத்தில்தான் பட்டம் கைநழுவியது. 2014இல் பார்சிலோனா அவரை மிகப் பெரிய தொகைக்கு வாங்கிக்கொண்டது. ஆனால் வந்த பணத்தில் பலரை வாங்கிக் குவித்த லிவர்பூல் அடுத்த பருவத்தில் 6ஆம் இடத்துக்குச் சரிந்தது. நிறுத்திவைத்ததில் பிழையில்லை, விற்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் தெளிவில்லை.

2017இல் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்குப் பாரிஸ் சென்றுவிட, பார்சிலோனாவின் பார்வை பிலிப் கூட்டின்யோமீது விழுந்தது. அவரும் விடுவிக்கக் கோரிக் கடிதம் கொடுத்தார். லிவர்பூல் அரைப் பருவம் நிறுத்திவைத்து, 2018 ஜனவரியில் சுமார் 14 கோடி பவுண்டு மதிப்பில் விற்றது. அவருடைய தொலைதூர உதைகளுக்காகவே கண்விழித்த இரவுகள் நமக்கு உண்டு. அந்தப் பிரிவு எளிதாக இல்லை. ஆனால் இம்முறை அணிக்குத் தன் குறை தெரிந்திருந்தது. அதே ஜனவரியில் தடுப்பாட்டத்துக்கு வான் டைக் வந்தார்; கோடையில் கோல்கீப்பர் அலிசன் வந்தார். 2019 மே 7 அன்று, சுவாரஸும் கூட்டின்யோவும் ஆடிய பார்சிலோனாவை லிவர்பூல் 4-0 என வென்றது. முதல் ஆட்டத்தில் 0-3 எனத் தோற்றிருந்த அணி அது! ஜூன் 1 அன்று ஐரோப்பியக் கோப்பையும் கைக்கு வந்தது.

பார்சிலோனாவின் கதை வேறு. 2020 ஆகஸ்டில் பாயர்னிடம் அது 2-8 எனத் தோற்றது. பாயர்னுக்கு இரவலாகச் சென்றிருந்த கூட்டின்யோவே அதில் 2 கோல் அடித்தார். சில நாட்களில் மெஸ்ஸி, தாம் விலகுவதாக எழுதி அனுப்பினார். 70 கோடி யூரோ என்ற ஒப்பந்த விதியைக் காட்டி கிளப் அவரை நிறுத்தியது. நேசித்த கிளப்பை நீதிமன்றத்துக்கு இழுக்க மனமின்றி அவர் தங்கினார். ஓராண்டு கழித்து அவர் இருக்க விரும்பியபோது, லீக்கின் நிதி விதிகளுக்குள் அவரைப் பதிவு செய்யக் கிளப்பால் முடியவில்லை. கண்ணீரோடு அவர் சென்றார். மாற்றுத்தொகையாக ஒன்றும் வரவில்லை.

இவற்றிலிருந்து நமக்குத் தோன்றுவது இதுதான். மனம் விலகியவரிடம் ஒரு பருவம் கேட்கலாம்; அதற்குக் காரணமும் கெடுவும் சொல்லவேண்டும். அந்தக் கால அளவில், அவரில்லாத அணியைக் கிளப் உருவாக்கத் தொடங்கவேண்டும். அந்த உழைப்புக்கு அஞ்சி ஒப்பந்தத்தை மட்டும் பற்றிக்கொண்டால் ஆட்டக்காரரும் போவார், அணியும் தேயும்.

2025இல் நியூகாசிலுக்கு ஆட மறுத்த அலெக்சாண்டர் இசக், செப்டம்பர் 1 அன்று 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூலுக்கே வந்து சேர்ந்தார். சுவாரஸுக்கும் கூட்டின்யோவுக்கும் நாம் வைத்த அளவுகோலை இவருக்கும் வைக்கத்தானே வேண்டும்? சட்டையின் நிறம் பார்த்து நியாயத்தை மாற்றிக்கொள்வது ரசிகருக்கு எளிது. அந்த வாரம் நியூகாசில் ரசிகர்கள் இருந்த நிலையில் நாம் இரண்டு முறை இருந்திருக்கிறோம்.