ஏறிய கியரில் இறங்குதல்

யாழ்ப்பாணத்திலே பிறந்து வளர்ந்தவனுக்கு இறக்கம் என்பது என்னவென்று தெரியாது. எங்கள் ஊரில் ஒரு மதகின்மேல் ஏறி இறங்குவதே மலையேற்றம். அத்தகைய சமநிலத்தில் மோட்டார் சைக்கிள் பழகிய நான், 2010 ஆம் ஆண்டு மலையகப் பாடசாலையொன்றுக்குப் பௌதிக ஆசிரியனாகச் சென்றேன். சக்திக் காப்பு விதியைக் கரும்பலகையில் எழுதி விளக்கிய அதே மனிதன், வீதியிலே அதனை அடியோடு மறந்த கதை இது.

ஒரு சனிக்கிழமை, மனைவியைப் பின்னே இருத்திக்கொண்டு நுவரெலியாவிலிருந்து இறம்பொடை வழியாகக் கம்பளைக்குப் புறப்பட்டேன். நுவரெலியா ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளை 500 மீற்றர் அளவிலே. இறக்கந்தானே, பெற்றோலாவது மிஞ்சட்டும் என்று எண்ணி, வண்டியை நியூற்றலில் விட்டுப் பிறேக்கைப் பிடித்தபடியே வளைவு வளைவாக இறங்கினேன். இருபுறமும் தேயிலை, தூரத்தே அருவி, பேச்சும் சிரிப்புமாகப் பயணம். இறம்பொடையை அணுகுகையில் கருகிய நாற்றம் மூக்கிலேறியது. எவ்வளவு அழுத்தியும் வண்டி நிற்கவில்லை. முன்னே ஒரு கடும் வளைவு. அதிலே ஒரு லொறி ஏறி வந்துகொண்டிருந்தது. வேறு வழியின்றி வீதியோரக் கானுக்குள் வண்டியைச் சரித்தேன். எனக்கு முழங்கையிலே சிராய்ப்பு. மனைவிக்குச் சேலை கிழிந்தது. அவ்வளவோடு தப்பினோம்.

லொறிச் சாரதி வயதானவர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து எங்களைத் தூக்கிவிட்டார். பின்சில்லின் நடுப்பாகத்தைத் தொடப்போனவர், சூடு பொறாமல் கையை உதறினார்.

“ஏறுன கியருலதான் சேர் எறங்கணும்” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு உறக்கம் வராமல் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருவரும் வண்டியுமாக 250 கிலோகிராம். கம்பளைவரை 1,300 மீற்றருக்குமேல் இறங்குகையில் வெளிப்படும் சக்தி 30 இலட்சம் யூலுக்கும் அதிகம். 10 லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் உராய்வும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மற்றதையெல்லாம் இரண்டு சிறிய டிரம் பிறேக்குகளின் தலையிலே கட்ட முயன்றிருக்கிறேன்!

எஞ்சினை அல்லவா நான் சும்மா இருத்தியிருந்தேன்? கியரிலே ஓடும் வண்டியில் அக்சிலேற்றரை மூடினால், காற்று உட்செல்லும் வழி ஏறக்குறைய அடைபடும். பிஸ்டன் ஒவ்வொரு முறையும் அந்த அடைப்பை எதிர்த்தே காற்றை இழுக்கவேண்டும். அந்த உழைப்பைச் சில்லே கொடுக்கிறது. ஆதலால் வேகம் தணிகிறது. கியர் தாழத் தாழ, சில்லு ஒருமுறை சுற்றுவதற்குள் எஞ்சின் பலமுறை சுற்றும்; பிடியும் கூடும்.

அறிவு வந்ததேயன்றிக் கை வசப்படவில்லை. மூன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றிக் கிளச்சைச் சட்டென்று விட்டேன். பின்சில்லு கீச்சிட்டு வழுக்கியது. மனைவியின் தலைக்கவசம் என்னுடையதில் மோதியது.

“இஞ்சாருங்கோ, இதென்ன கழுதை உதைக்கிறமாதிரி?” என்றாள்.

தாழ்ந்த கியரில் எஞ்சின் விரைந்து சுற்றியாக வேண்டும். கிளச்சைப் பிடித்திருந்த வேளையில் அது மந்தமாகிவிடுகிறது. அதை விரைவாக்கும் வேலையைத் திடீரெனச் சுமத்தினால், சில்லு தரைப்பிடியை இழக்கும். மழை நனைத்த வீதியில் இது உயிருக்கே ஆபத்து. ஆகவே, கிளச்சைப் பிடித்தவுடன் அக்சிலேற்றரை ஒரு சிறு முறுக்கு முறுக்கி, கியரை ஒன்று குறைத்து, கிளச்சை மெல்ல விடவேண்டும். வளைவுக்குள் அன்று, அதற்கு முன்னரே, நேரான இடத்திலே. எஞ்சின் பிடிக்கும்போது பின்னாலுள்ள பிறேக் விளக்கு எரியாது. ஆதலால் பின்னே வருபவருக்காக நான் பிறேக்கை இலேசாகத் தொட்டுக்கொள்வதுண்டு.

இப்போது என் தமக்கையின் மகனுக்குப் பதுளையிலே வேலை கிடைத்திருக்கிறது. வண்டியையும் கொண்டுபோகிறான். “மாமா, இது டிஸ்க் பிறேக்” என்று பெருமையோடு காட்டினான். டிஸ்க் நல்லதுதான், இடைவிடாது பிடித்தால் அதன் எண்ணெயும் கொதிக்குமே என்றேன். தமக்கை ஒன்றும் பேசாமல் தேநீரை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

மறுநாள் விடியலில் அவனை ஓட்டவிட்டு நான் பின்னே அமர்ந்தேன். இறக்கமில்லாத ஊரிலே, பிறேக்கைத் தொடாமல் கியராலேயே வேகத்தைக் குறைக்கப் பழக்கினேன். முதல் நாள் எங்கள் தலைக்கவசங்கள் முட்டிய முட்டில் எனக்குக் கழுத்து வலி. மூன்றாம் நாள் வீடு திரும்பியபோது தமக்கை படலையிலேயே நின்றாள்.

“இண்டைக்கு எத்தினை தரம் முட்டினது?”

“ஒருக்காலும் இல்லை, அக்கா” என்றேன்.