ஊதுகிற மாதிரி

"ஊத வேண்டாம் தம்பி. ஊதுற மாதிரி நில்லு, போதும்."

ஆண்டு விழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் என் பேண்டுப் பிள்ளைகள் 22 பேரில் ஆறு பேரைத் தனியே கூப்பிட்டு இதைச் சொன்னேன். எரிச்சலில்லாமல், அக்கறையோடு பேசுவது போலத்தான் சொன்னேன். ஆறு பேரும் தலையாட்டினார்கள். பேண்டு வாத்தியார் சொன்னால் ஆட்டாமல் என்ன செய்வார்கள்?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராணுவ பேண்டில் கிளாரினெட் ஊதியவன் நான். பச்மரி மலையில் இருக்கும் ராணுவ இசைப் பள்ளியில் படித்தேன். ஓய்வு பெற்றுத் தஞ்சாவூருக்குத் திரும்பியதும் பக்கத்துப் பள்ளி ஒன்றில் பேண்டு வாத்தியார் வேலை கிடைத்தது. குடியரசு தினத்துக்குக் கொடியேற்றம், மாதா கோயில் திருவிழாவுக்குத் தேர் பவனி, மாவட்ட விளையாட்டுப் போட்டிக்கு அணிவகுப்பு. நாலு மார்ச் தெரிந்தால் வருஷத்தை ஓட்டிவிடலாம். வாத்தியங்கள் மீரட்டில் செய்தவை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் கிளாரினெட்டின் பேடு ஊறிப்போய்க் காற்று ஒழுகும். அடுத்த வெயில் வரை அந்தப் பிள்ளை கீச்சுக் கீச்சென்றுதான் ஊதும்.

எனக்கு மார்ச் போதவில்லை. ராணுவத்தில் இருந்தபோது, அதிகாரிகள் விருந்து நடக்கும் இரவுகளில் எங்கள் பேண்டு ஸ்விங் ஜாஸ் வாசிக்கும். பகலில் விறைப்பாக நடந்த அதே ஆட்கள் ராத்திரி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, காலால் தாளம் தட்டிக்கொண்டு ஊதுவார்கள். அந்த வரிசையில் நான் மூன்றாம் கிளாரினெட். ஓய்வு பெறுகிற நாள் வரைக்கும் மூன்றாம் கிளாரினெட்தான். முதல் கிளாரினெட்டின் நோட்டு என் ஸ்டாண்டுக்கு வந்ததே இல்லை. இந்தக் கதையில் நான் செய்த தப்பெல்லாம் அந்த நாற்காலியில் தொடங்கியதுதான். அப்போது அது எனக்குத் தெரியவில்லை. "ஜாஸ் பேண்டு ஒன்று தொடங்குவோம், இந்த ஜில்லாவில் எந்தப் பள்ளியிலும் கிடையாது" என்று தாளாளரிடம் நான் பேசியபோது என் வாயிலிருந்து வந்ததெல்லாம் பிள்ளைகளின் எதிர்காலம் பற்றித்தான்.

நான் தேர்ந்தெடுத்தது 'இன் த மூட்'. 1939இல் கிளென் மில்லரின் குழு ஊதிப் புகழ் பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது மில்லரே அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஒரு பேண்டை நடத்தினார். ராணுவ பேண்டுக்காரர்களுக்கு அவர்மேல் ஒரு தனிப் பாசம் உண்டு. கேட்கச் சுலபமாக இருக்கும் பாட்டு. ஊதிப் பார்த்தவனுக்குத்தான் கஷ்டம் தெரியும். சாக்ஸபோன்கள் எடுக்கும் அந்த முதல் வாக்கியம் மும்மூன்று சுரமாகக் கொத்துக் கொத்தாக வரும், அடியில் ஓடுவதோ நாலு எண்ணிக்கை. கொத்து ஒவ்வொரு முறையும் தாளத்தின் வேறொரு இடத்தில் போய் விழும். பழகிய கைக்கு அது விளையாட்டு. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மாடு மிரண்ட வண்டி.

அமெரிக்காவில் அச்சாகும் பேண்டு நோட்டுகளில் முதல் பக்கத்து மூலையில் ஓர் எண் போட்டிருப்பார்கள். 1 என்றால் தொடக்கக்காரர்களுக்கு, 6 என்றால் கைதேர்ந்தவர்களுக்கு. என் கைக்கு வந்த நோட்டில் 4 என்று இருந்தது. என் பிள்ளைகள் 1இலேயே தடுமாறுகிறவர்கள். ஜெராக்ஸ் எடுக்கும்போது அந்த மூலையின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து மறைத்தேன். யாருக்கும் அந்த எண்ணின் பொருள் தெரிந்திருக்கப் போவதில்லை. இருந்தும் மறைத்தேன். தெரியாமல் செய்த தப்பு என்று இனி நான் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆடி மாதம் தொடங்கினோம். நாற்று விட்டு, நடவு முடிந்து, களையெடுப்பும் வந்துவிட்டது. பிள்ளைகள் நோட்டில் எட்டாவது பாரைத் தாண்டவில்லை. நான் கத்தினேன். சாயங்காலப் பயிற்சியை ஒரு மணி நேரம் நீட்டினேன். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் நடந்து போனார்கள். மார்கழியில்தான் 'வழி' கண்டுபிடித்தேன். ஊர் பேண்டு செட்டிலிருந்து தெரிந்த ஆட்கள் மூன்று பேரைக் கூட்டி வந்து பின்வரிசையில் உட்கார வைப்பது, முதல் கிளாரினெட்டை நானே ஊதிக்கொள்வது, முடியாத ஆறு பேர் வாத்தியத்தை உதட்டில் வைத்துக்கொண்டு நிற்பது.

ஆமாம், முதல் கிளாரினெட். அந்த ராத்திரி எனக்குக் கிடைத்துவிட்டது.

விழா நடந்தது தை மாதக் கடைசியில், சம்பா அறுப்பு நேரம். அந்தப் பாட்டின் முடிவில் ஒரு குறும்பு உண்டு. ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் சத்தம் குறைந்து, அடங்கியேவிட்டது என்று நினைக்கும்போது பேண்டு முழுவதும் சேர்ந்து வெடிக்கும். எங்கள் ஊர்க் கூட்டம் சத்தம் அடங்கியபோதே கைதட்டிவிட்டது. பிறகு வெடித்ததும் ஒரு திகைப்பு, ஒரு சிரிப்பு, மறுபடி பெரிய கைதட்டல். தாளாளர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

மேடைக்குப் பின்னால் ஓர் அம்மா வந்து நின்றார். களத்திலிருந்து நேரே வந்திருக்க வேண்டும், கொண்டையில் ஒரு வைக்கோல் துரும்பு இருந்தது. பக்கத்தில் அவர் மகன், என் மூன்றாம் டிரம்பெட். ஆறு பேரில் ஒருவன்.

"சார், எம்புள்ள ஊதுனது எந்தச் சத்தம் சார்? எல்லாம் ஒண்ணா வந்ததுல எனக்குப் பிரிச்சுத் தெரியல."

"எல்லாம் ஒண்ணா சேர்ந்தாதாம்மா சங்கீதம்" என்றேன்.

நல்ல பதில் என்று அவர் நினைத்துக்கொண்டார், முகம் மலர்ந்தது. பையன் என்னைப் பார்க்கவில்லை. டிரம்பெட்டின் மூன்று வால்வுகளையும் ஒன்று மாற்றி ஒன்று அமுக்கி விட்டுக்கொண்டிருந்தான். காற்றில்லாத டிரம்பெட்டில் வால்வு அமுங்கும்போது டொக் டொக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். அன்று ராத்திரி முழுக்க அவன் எழுப்பிய ஒரே சத்தம் அதுதான்.

திங்கட்கிழமை அந்த டிரம்பெட் என் மேசைமேல் இருந்தது. துடைத்து, வால்வுக்கு எண்ணெய் போட்டு, ஒரு துண்டில் சுற்றி வைத்திருந்தான். அவன் கபடியில் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்கள். "விருப்பமில்லாத பிள்ளையை இழுத்துப் பிடிக்க முடியுமா?" என்று ஆசிரியர் அறையில் நான் சொன்னதும் நினைவிருக்கிறது.

என் கண்ணைத் திறந்தது ஞானம் ஒன்றும் இல்லை, பக்கத்து வீட்டுச் சத்தம். மேல வீதியில் நான் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த மாடியில் பாட்டு வகுப்பு நடக்கும். ஒரு நாள் சின்னப் பிள்ளைகள் 'சியாமளே மீனாட்சி' பாடினார்கள். முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம். மெட்டு ஐரோப்பாவிலிருந்து வந்தது. பிரெஞ்சுக்காரர்களின் பழைய மெட்டு, நம் பிள்ளைகள் நர்சரியில் 'ட்விங்கிள் ட்விங்கிள்' என்று பாடுவதும் அதே மெட்டில்தான். ஷட்ஜமத்தில் தொடங்கித் தைவதத்தைத் தாண்டாது. ஆறே சுரம்.

மூன்றாம் கிளாரினெட்டாகவே காலம் கழித்த எனக்கு அந்த மாடிப்படிக்கடியில் வெட்கமாக இருந்தது. தீட்சிதர் எப்பேர்ப்பட்ட கனமான கீர்த்தனைகளைச் செய்தவர்! அவரே வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளைக் கேட்டு, கமகம் இல்லாமல், சங்கராபரணத்தின் சுரங்களுக்குள், நேர் நடையில் இத்தனை நோட்டுஸ்வரங்களைச் செய்து வைத்திருக்கிறார். தஞ்சாவூருக்கும் பேண்டு புதிதில்லை. இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798 - 1832) அரண்மனையிலேயே மேனாட்டு வாத்தியக் குழு வைத்திருந்தவர். அந்தக் கால மேனாட்டு இசை நோட்டுகள் சரஸ்வதி மகாலில் இன்றும் இருக்கின்றன. இவ்வளவும் கால் மைல் தூரத்தில் இருக்க, நான் என் பழைய ராணுவ மெஸ்ஸின் மேசைக்கடியில் பாட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மறு வருஷம் ஸ்விங்கை விடவில்லை, பாட்டை மாற்றினேன். டியூக் எலிங்டன் 1942இல் பதிவு செய்த 'சி ஜாம் ப்ளூஸ்'. மெட்டு முழுவதற்கும் இரண்டே சுரம். கீழ்ப் பஞ்சமம் பல தடவை, பிறகு ஒரு தாவலில் ஷட்ஜமம். நம் சுருதிப் பெட்டி நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் அதே ப, ச. நாலு பார் வாக்கியம், அது மூன்று முறை, முடிந்தது.

இரண்டு சுரம்தானே என்று அப்படியே கொடுத்துவிட முடியாது. சுருதியை சி-யிலிருந்து பி ஃபிளாட்டுக்கு இறக்கினேன். அப்படிச் செய்தால் டிரம்பெட்காரனுக்கு இரண்டு சுரமும் வால்வு அமுக்காமலே வரும், அவன் உதட்டை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். கிளாரினெட்டில் வேறு சிக்கல். அதே தாவலை நடு ஸ்தாயியில் எழுதினால் விரல் ஒன்றும் மூடாத சுரத்திலிருந்து எல்லா விரலும் மூட வேண்டிய பகுதிக்கு ஒரே எட்டாகப் போக வேண்டும். எங்கள் தொழிலில் அதை 'பிரேக்' என்போம். தொடக்கப் பிள்ளைகளின் கீச்சுக் குரல் பாதி அங்கேதான் பிறக்கிறது. கிளாரினெட்டை ஒரு ஸ்தாயி கீழே எழுதினேன், கீச்சு நின்றது. முந்தின வருஷம் 22 பேருக்கு ஜெராக்ஸ் எடுக்க அரை மணி நேரம் ஆனது. இந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு மூன்று ராத்திரி ஆனது. சுலபமான பாட்டைக் கொடுப்பது வாத்தியாரின் சோம்பல் என்று நினைத்திருந்தேன். சோம்பல் எந்தப் பக்கம் இருந்தது என்று அந்த மூன்று ராத்திரியில் தெரிந்தது.

ப்ளூஸின் 12 பாரைப் பிள்ளைகள் எண்ணத் திணறியபோது ஆதி தாளத்தைப் போடச் சொன்னேன். பாருக்கு நாலாக 48 எண்ணிக்கை, அதாவது ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம். கீழே பேஸ் நிற்கும் இடம்: முதல் இரண்டு ஆவர்த்தனம் ஷட்ஜமம், மூன்றாவது மத்யமம், நாலாவது மறுபடி ஷட்ஜமம், ஐந்தாவதில் பாதி பஞ்சமம் பாதி மத்யமம், ஆறாவதில் ஷட்ஜமத்துக்கு வந்து சேர வேண்டும். ஒரே வாரத்தில் பிடித்துக்கொண்டார்கள். ஸ்விங் நடைக்கும் ஊர் வழிதான். காகிதத்தில் இரண்டு சுரமும் சம அளவாகத்தான் எழுதியிருக்கும், ஊதும்போது முதலாவது நீளும், இரண்டாவது குறுகும். 'தகிட' சொல்லி அதில் 'கி'யை முழுங்கிவிடு என்றேன். தா...ட, தா...ட. காவடிச்சிந்து கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. கஷ்டப்பட்டவன் பெரிய டிரம் அடிக்கிறவன்தான். மார்ச்சில் ஒன்றிலும் மூன்றிலும் இடித்துப் பழகிய கை, இரண்டிலும் நாலிலும் கைதட்டு என்றால் கேட்குமா?

நடுவில் தனி ஆவர்த்தனம் மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் 12 பார். ச, க, ம மூன்று சுரம் மட்டும், எப்படி வேண்டுமானாலும் ஊதலாம். நாகஸ்வர வீட்டுப் பையன் ஒருவன் சாக்ஸபோனில் காந்தாரத்தைச் சாதாரணத்துக்கும் அந்தரத்துக்கும் நடுவே வைத்து ஒரு இழுப்பு இழுத்தான். அதைத்தான் ப்ளூஸ்காரர்கள் தேடுகிறார்கள் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. 1958இல் டேவ் புரூபெக்கின் ஜாஸ் குழு மதராஸுக்கு வந்தபோது பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு சேர்ந்து வாசித்தது. எங்கிருந்தோ வந்தவர்களுக்கு இந்த ஊர்க் காதின் மேல் மரியாதை இருந்திருக்கிறது. இங்கேயே பிறந்த எனக்குத்தான் என் பிள்ளைகளின் காதை நம்பத் தோன்றவில்லை.

இதோடு நிறுத்தினால் திருந்திய வாத்தியாரின் கதையாக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. போன வருஷம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஒருவன் என் பையைப் பிடுங்கித் தூக்கிக்கொண்டான். அவன்தான், அந்த மூன்றாம் டிரம்பெட். அறுவடை மிஷின் ஓட்டுகிறானாம், கல்யாணம் ஆகிவிட்டதாம். "அன்னைக்கு நம்ம பேண்டு சூப்பரா இருந்துச்சு சார். எங்கம்மா இன்னும் சொல்லிக்கிட்டுத் திரியும்" என்றான். குத்திக் காட்டவில்லை, என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னான். மன்னிப்பு என்கிற வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டேன். திருவையாறு பஸ் வந்தது, அவன் ஓடி ஏறிக்கொண்டான்.

வாயால் வராததை எழுதியாவது வைக்கிறேன். அம்மா, அன்றைக்கு நீங்கள் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. அந்தச் சத்தத்தில் உங்கள் பிள்ளை இல்லை. அவனை ஊத வேண்டாம் என்று சொன்னது நான்.