ஏணியை இழுத்து வந்தது யார்?

"சார், நல்ல கிராமர் புக் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டு பிள்ளைகள் இன்னமும் என் வீட்டுக்கு வருகிறார்கள். கல்லூரியில் கடைசி வருஷம் படிப்பவர்கள், முடித்துவிட்டு வேலை தேடுகிறவர்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்தவர்கள்தான். பன்னிரண்டு டென்ஸையும் அட்டவணை மாதிரி ஒப்பிப்பார்கள். நேற்று வீட்டில் நடந்ததை நாலு வாக்கியத்தில் சொல் என்றால் மட்டும் வியர்த்துவிடும். நான் புத்தகம் எதுவும் சொல்வதில்லை. ஒரு சிறுகதையைக் கையில் கொடுத்து, படித்துவிட்டு வாங்க என்று அனுப்புவேன். சில பேர் அதோடு சரி. வேலைக்கு இன்டர்வியூ இருக்கும்போது இந்தக் கிழவர் கதை படிக்கச் சொல்கிறாரே என்று நினைத்திருப்பார்கள்.

கிராமர் புத்தகத்தோடு எனக்கு ஒரு பகையும் இல்லை. 'ரென் அண்ட் மார்ட்டின்' இன்றைக்கும் என் மேஜையில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் புரட்டுவேன். ஆனால் அதை முதல் பக்கத்திலிருந்து உருப்போடுகிற தம்பிகளுக்கு ஒரு சேதி சொல்ல வேண்டும். அந்த பி.சி. ரென், வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே கல்வித் துறையில் வேலை பார்த்தவர், ஒரு நாவலாசிரியர். 1924-இல் அவர் எழுதிய 'போ ஜெஸ்ட்' சக்கைப்போடு போட்டது. திருடுபோன நீலக்கல், பாலைவனத்தில் ஒரு கோட்டை, பிரெஞ்சுக்காரர்களின் கூலிப்படை என்று விறுவிறுப்பான கதை. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சினிமாவாகவும் வந்தது. இலக்கணம் எழுதிய மனுஷர் கதையும் எழுதினார். நாம் இலக்கணத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டோம்.

நான் கொடுத்தனுப்புகிற கதை ஓ. ஹென்றியின் 'தி லாஸ்ட் லீஃப்'. 1907-இல் வந்த 'தி டிரிம்ட் லாம்ப்' தொகுப்பில் இருக்கிறது. உங்களில் பலர் இதை நான்-டீடெயிலில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்குச் சுருக்கம் எழுதி, பத்து மதிப்பெண் வாங்கி, மறந்தும் போயிருப்பீர்கள். நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் என்ற பகுதி. வாடகை மலிவு என்பதால் ஏழை ஓவியர்கள் குடியிருக்கிற இடம். சூ, ஜான்ஸி என்று இரண்டு இளம்பெண்கள். நவம்பர் குளிரில் ஜான்ஸிக்கு நிமோனியா வந்துவிடுகிறது. எதிர்ச் சுவரில் படர்ந்த கொடியின் இலைகளை எண்ணிக்கொண்டு, கடைசி இலை விழும்போது நானும் போய்விடுவேன் என்று படுத்திருக்கிறாள். கீழ்வீட்டில் பெர்மன் என்ற கிழ ஓவியர். வயசு அறுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருஷமாகத் தூரிகை பிடித்தும், வரைந்தே தீருவேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிற அந்தப் பெரிய ஓவியத்தை இன்னும் தொடங்கவில்லை. ராத்திரி முழுக்க மழையும் காற்றும். விடிந்து பார்த்தால் கடைசி இலை விழாமல் இருக்கிறது. ஜான்ஸி பிழைத்துக்கொள்கிறாள், பெர்மன் நிமோனியாவில் இறந்துபோகிறார். அந்த இலை, கொட்டுகிற மழையில் அவர் சுவரில் தீட்டிய ஓவியம்.

கதை தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே நிமோனியாவை ஓ. ஹென்றி ஓர் ஆளாக்கிவிடுகிறார். கண்ணுக்குத் தெரியாத அந்நியன், ஊருக்குள் புகுந்து, சில்லிட்ட விரலால் இங்கொருவரை அங்கொருவரைத் தொட்டுக்கொண்டு போகிறான். பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' வேறு. பரீட்சையில் இதற்கு ஒரு கேள்வி உண்டு: இங்கே பயன்படுத்தப்பட்ட அணி எது? பர்சானிஃபிகேஷன் என்று எழுதினால் ஒரு மதிப்பெண். அந்த ஒரு மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்தான் எனக்கு வருத்தம். நோயை ஆளாக்குவது நமக்கு என்ன புதுசா? அம்மை போட்டால் "ஆத்தா வந்திருக்கா" என்று வேப்பிலை செருகி, குரலைத் தாழ்த்திப் பேசுகிற ஊர் இது. வந்தவளை மரியாதையாக வழியனுப்ப வேண்டும் என்று நம் பாட்டிகளுக்குத் தெரியும். ஓ. ஹென்றி அந்த அந்நியனுக்கு மரியாதை தரவில்லை. ஒரு சின்னப் பெண்ணிடம் போய் வீரம் காட்டுகிறானே, இவன் என்ன பெரிய மனுஷன் என்று இளக்காரமாகப் பேசுகிறார். கடைசியில் அதே ஆள்தான் கிழவரைக் கொண்டுபோகிறான். முதலில் விளையாட்டாகச் சொன்னது முடிவில் வினையாகிவிடுகிறது. அணியின் பெயர் மறந்தாலும் குடி முழுகிவிடாது. அது கதையில் என்ன வேலை செய்கிறது என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் போதும்.

இப்போது அந்த ஏணிக்கு வருகிறேன். பெர்மன் இலை வரைந்ததைக் கதையில் யாரும் நேரில் பார்க்கவில்லை. பின்னால் சில சாமான்கள் கிடைக்கின்றன: இன்னும் எரிந்துகொண்டிருக்கிற ஒரு லாந்தர், இறைந்து கிடக்கும் தூரிகைகள், பச்சையும் மஞ்சளும் குழைத்த வண்ணப்பலகை, இருந்த இடத்தைவிட்டு இழுத்துவரப்பட்ட ஓர் ஏணி. இந்த ஏணிக்கு மட்டும் ஓ. ஹென்றி பாஸ்ட் பர்ஃபெக்டும் பாசிவ் வாய்ஸும் சேர்ந்த வினையைப் போடுகிறார். கிராமர் புத்தகத்தில் நீங்கள் பயந்து தாண்டிப்போன பக்கம் அது. ஏன் அப்படி எழுதினார்? கண்டெடுத்தது பிறகு, இழுத்தது அதற்கு முன்னால். எனவே பாஸ்ட் பர்ஃபெக்ட். இழுத்தவர் யார் என்று அந்த இடத்தில் சொல்லக்கூடாது. எனவே பாசிவ். சேதி உடைவது அடுத்த மூச்சில்தான். தமிழில் இதே காரியத்தை "ஏணி இடம் மாறிக் கிடந்தது" என்று ஒரு 'கிடந்தது' போட்டு முடித்துவிடுவோம். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை, அதற்கு வேறு கருவி இருக்கிறது.

இந்தப் பத்தியை நினைவிலிருந்து ஒரு பெண்ணை எழுதச் சொன்னேன். 'பெர்மன் ஏணியை இழுத்தார்' என்று பொருள்படும் ஆங்கில வாக்கியம் எழுதினாள். இலக்கணப்படி சுத்தம், ஒரு பிழையும் இல்லை. ஆனால் கதை அங்கேயே செத்துப்போயிற்று. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவள், தானே "அய்யோ, முன்னாடியே சொல்லிட்டேனே சார்" என்றாள். பாசிவ் வாய்ஸ் எதற்கு இருக்கிறது என்று அவளுக்கு இனி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பெர்மன் பேசுகிற ஆங்கிலத்தைப் பார்த்துப் படிக்காதீர்கள். அவர் பேச்சில் ஜெர்மன் வாடை அடிக்கும். ஓ. ஹென்றி அதை எழுத்துக்கூட்டலிலேயே காட்டியிருக்கிறார். அச்சுப்பிழை என்று நினைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டு வந்த பையன்கள் உண்டு. அவர்களைப் பாராட்டினேன். பிழை கண்ணில் படுகிற அளவுக்குக் காது தேறிவிட்டதே!

நினைவிலிருந்து திருப்பி எழுதுவது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை. முதலாம் எலிசபெத் அரசியாவதற்கு முன் அவருக்குப் பாடம் சொன்ன ரோஜர் ஆஸ்கம், லத்தீன் கற்பிக்க இதைத்தான் சிபாரிசு செய்தார். சிசரோவின் ஒரு கடிதத்தை மாணவன் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து, மூலத்தைப் பார்க்காமல், தன் ஆங்கிலத்தை மறுபடி லத்தீனாக்க வேண்டும். பிறகு சிசரோவோடு ஒப்பிட வேண்டும். ஆஸ்கம் இறந்தபின் 1570-இல் வெளியான 'தி ஸ்கூல்மாஸ்டர்' நூலில் இது இருக்கிறது. லத்தீன் இருந்த இடத்தில் ஆங்கிலத்தையும், ஆங்கிலம் இருந்த இடத்தில் தமிழையும் வையுங்கள். நமக்கென்றே தைத்த சட்டை போலப் பொருந்தும்.

பெஞ்சமின் பிராங்க்ளின் இதையே வேறு விதமாகச் செய்தார். பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். பாஸ்டனில் அண்ணனின் அச்சகத்தில் வேலைக்கிருந்த பையன் அவர். 'ஸ்பெக்டேட்டர்' என்ற லண்டன் பத்திரிகையின் கட்டுரைத் தொகுதி ஒன்று எப்படியோ கையில் கிடைத்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் சிறுகுறிப்பாக எழுதிக்கொள்வார். சில நாள் விட்டு, புத்தகத்தைப் பாராமல் கட்டுரையை மறுபடி கட்டுவார். ஒப்பிட்டுத் திருத்துவார். வேலைக்கு முன் விடிகாலையிலும், வேலை முடிந்து ராத்திரியிலும், மாதா கோயிலுக்குப் போகாமல் டிமிக்கி கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகளிலும் இந்தப் பயிற்சி. சொல்வளம் போதவில்லை என்று தோன்றியதும், கதைகளைச் செய்யுளாக மாற்றி, சில காலம் கழித்து மறுபடி உரைநடையாக்கினார். செய்யுளுக்கு ஒரே பொருளில் நீளமும் ஓசையும் வேறுபட்ட சொற்கள் தேவைப்படும் அல்லவா? அந்தத் தேவை அவரைச் சொல் தேட வைத்தது. தினம் பத்து வார்த்தை என்று போனில் பார்த்து நெட்டுருப் போடுகிற தம்பிகள் இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

சொற்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. தெரியாத சொல் வந்தால் உடனே அகராதியை எடுக்காதீர்கள். மூன்றாம் தடவை வந்தால் எடுங்கள். பக்கத்துக்குப் பதினைந்து புதுச்சொல் வருகிறதென்றால் அது இப்போதைக்கு உங்கள் புத்தகம் இல்லை, கீழே வைத்துவிடுங்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் டாக்காவில் வேலை பார்த்தபோது வங்காளப் பிள்ளைகள் இப்படித் திணறுவதைப் பார்த்துத்தான், புதுச்சொற்களைக் குறைத்து எளிதாக்கிய வாசிப்பு நூல்களைத் தயாரித்தார். 1953-இல் அவர் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் இருப்பவை சுமார் 2,000 சொற்கள். அவற்றை வைத்துக்கொண்டே வெகுதூரம் போகலாம்.

பட்டியல் போட்டு மனப்பாடம் செய்த இடியம்களை மட்டும் தயவுசெய்து வேலை விண்ணப்பத்தில் கொட்டாதீர்கள். அச்சில் அடிக்கடி பார்த்துச் சலித்த உவமை உருவகங்களைத் தொடவே தொடாதே என்று ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் ஒரு கட்டுரையில் முதல் விதியாகவே எழுதிவைத்தார். தமிழில் யாராவது முத்துப்பல், மதிமுகம் என்று ஆரம்பித்தால் உங்களுக்குக் கொட்டாவி வருகிறதா இல்லையா? ஆங்கிலக்காரருக்கும் அப்படித்தான்.

அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்பீர்கள். ஆர்.கே. நாராயண். 1935-இல் வந்த 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்'. வீடு, பாட்டி, வாத்தியார் பிரம்பு, பரீட்சைக் காய்ச்சல் எல்லாம் நமக்குத் தெரிந்தவை, ஆங்கிலம் மட்டும்தான் புதுசு. முழு மனசும் மொழிமேல் போகும். கிரிக்கெட் குழு ஆரம்பித்த பையன்கள் மட்டையும் பந்தும் கேட்டு மதராஸ் கடைக்குக் கடிதம் எழுதுவார்கள். வந்த பதிலின் வியாபார ஆங்கிலம் புரியாமல் விழிப்பார்கள். அந்த அத்தியாயத்தைச் சிரிக்காமல் படிக்க முடிந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். இதை எழுதியவர், கல்லூரி நுழைவுத் தேர்வில் முதல் தடவை தோற்று, மைசூர் வீட்டில் ஒரு வருஷம் புத்தகங்களோடு உட்கார்ந்திருந்தவர்.

ஓ. ஹென்றி 1910-இல் காலமானார். அவர் கதைகளுக்குக் காப்புரிமை முடிந்து வெகுகாலம் ஆகிறது, இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும். அச்சடித்துக்கொள்ளுங்கள், போனில் படித்தால் ஓரத்தில் பென்சிலால் கிறுக்க முடியாது. ஒரே ஒரு பத்தியைத் தமிழில் எழுதி, நாலு நாள் அலமாரியில் போட்டுவிட்டு, மறுபடி ஆங்கிலமாக்கி, இரண்டு நோட்டையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள். திருத்துகிற வேலையை ஓ. ஹென்றி பார்த்துக்கொள்வார். நான் காபி போடுகிறேன்.