அறை கிடைச்சாத்தான் ஆராய்ச்சி!

தேர்வாகிவிட்டதாக மெயில் வந்த அன்று, வீட்டில் யாரும் "என்ன ஆராய்ச்சி?" என்று கேட்கவில்லை. "தங்குறது எங்கன?" என்றுதான் அப்பா கேட்டார். "சாப்பாடு, ரூம் எல்லாம் அவங்களே பாத்துக்கிடுவாங்களா?" என்றார் அம்மா. அவள் மெயிலை மறுபடி கீழே வரை தள்ளிப் பார்த்தாள். இடம் இருந்தால் மட்டுமே விடுதி என்று கடைசியில் ஒரு வரி இருந்தது.

நெல்லைப் பக்கம் ஒரு கலைக்கல்லூரியில் நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரண்டு மாதக் கோடைப் பயிற்சி கிடைத்திருந்தது. அதே வகுப்பில் இன்னும் இரண்டு தோழிகளுக்கும் வெவ்வேறு இடங்களில் வாய்ப்பு வந்திருந்தது.

கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் நிஜமான ஆய்வுக்கூடத்துக்குள் அழைத்துப் போகும் திட்டங்கள் நம் நாட்டில் பல இருக்கின்றன. 1934-ல் சர் சி.வி.ராமன் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, மற்ற இரண்டு தேசிய அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஒரு திட்டம் நடத்துகிறது. சென்னை ஐ.ஐ.டி-யும் தனியாக ஒன்று நடத்துகிறது. பெரும்பாலும் இரண்டு மாதம். ஒரு பேராசிரியர் வழிகாட்டுவார். உதவித்தொகை உண்டு. முதுகலை, பி.ஹெச்டி போக நினைப்பவர்களுக்கு இந்த இரண்டு மாதம் பெரிய திறப்பு.

ஆனால், உதவித்தொகை முதல் நாளே கைக்கு வந்துவிடாது. வீட்டு ஓனருக்கு முதல் நாளே பணம் வேண்டும்.

அவளுக்கு விடுதியில் இடம் இல்லை என்று ஏப்ரல் கடைசியில் தெரிந்தது. வேளச்சேரியில் ஒரு பி.ஜி. பிடித்தார்கள். மூன்று பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு மாதம் 7,000 ரூபாய். அட்வான்ஸ் 7,000. ஆக, பெட்டியை இறக்கி வைக்கும் முன்பே 14,000 ரூபாய். அம்மா மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் வாங்கினார். "படிப்புக்குத்தானே, அடைச்சிரலாம்" என்றார். மே முதல் வாரம் நெல்லை எக்ஸ்பிரஸில் அப்பாவும் மகளும் கிளம்பி, விடிகாலையில் தாம்பரத்தில் இறங்கி, பஸ் பிடித்து வேளச்சேரி போய்ச் சேர்ந்தார்கள். அப்பா அறையைப் பார்த்தார், பாத்ரூம் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தார், அன்று இரவே ஊருக்கு ரயில் ஏறிவிட்டார்.

அறைத் தோழிகளில் ஒருவர் ஐ.டி. கம்பெனியில் இரவு ஷிஃப்ட். இன்னொருவர் வங்கித் தேர்வுக்குப் படிப்பவர். ஒருவர் தூங்கும் நேரத்தில் மற்றவருக்கு விளக்கு வேண்டும். சார்ஜர் போட இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். அக்னி நட்சத்திரத்தில் மாடி டேங்க் தண்ணீர் காலை எட்டு மணிக்கே சுடும். இதெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிட்டது. பழகாதது கேட்தான். இரவு 9 மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

அவளுடைய வேலை, ஈ.கோலை பாக்டீரியாவின் வளர்ச்சியை அளப்பது. நல்ல ஊட்டமும் 37 டிகிரி சூடும் கிடைத்தால் அது சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் எடுத்து, கருவியில் வைத்து, கலங்கல் எவ்வளவு கூடியிருக்கிறது என்று குறிக்க வேண்டும். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, கடைசியில் வளர்ச்சி நின்று கோடு சமமாக ஓடும். அந்தக் கடைசிப் பகுதி வரை காத்திருந்தால்தான் கணக்கு முழுமை.

காலையில் கருவி சீனியர்களிடம் இருக்கும். அவளுக்கு மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும். கோடு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே 8.15 ஆகிவிடும். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பி.ஜி. கேட் எப்போது மூடும் என்று பாக்டீரியாவுக்குத் தெரியாதே! இரண்டு வாரத்தில் நான்கு முறை முயன்றாள். நான்கும் பாதியில் நின்றன.

ஓனர் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாள். "உங்கப்பா என்னை நம்பித்தான் விட்டுட்டுப் போயிருக்கார். ஒரு பொண்ணுக்குத் திறந்தா, நாளைக்கு எல்லாருக்கும் திறக்கணும்" என்றார் அவர். அதிலும் நியாயம் இருந்தது. ஆனால், இரண்டு கட்டடம் தள்ளி இருந்த ஆண்கள் பி.ஜி-யில் கேட் 11 மணி வரை திறந்தே கிடந்தது.

தோழிக்கு வேறு அனுபவம். ஐ.ஐ.டி. வளாகத்துக்குள்ளேயே, விடுமுறைக்கு ஊர் போன யாரோ ஒரு மாணவியின் அறை கிடைத்தது. சுவரில் பழைய சமன்பாடுகள் அப்படியே ஒட்டியிருந்தன. அங்கே விடுதிகளுக்கு ஆறுகளின் பெயர்கள்: காவிரி, கோதாவரி, நர்மதா. தாமிரபரணி என்ற பெயர்ப் பலகையைப் பார்த்ததும் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு பிஸ்கட்டை எடுத்துப் போய்விடும், வழியில் புள்ளிமான் நிற்கும் என்று கதை கதையாகச் சொல்வாள். முக்கியமான வித்தியாசம் மானும் குரங்கும் இல்லை. இரவு 11 மணிக்கு வேலை முடிந்தாலும் அவளால் பயமில்லாமல் அறைக்குப் போக முடிந்தது. இருவருக்கும் ஒரே வகுப்பு, கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். ஒருத்திக்கு ஒரு நாளில் மூன்று மணி நேரம் கூடுதலாக இருந்தது.

வழி சொன்னவர் ஆய்வுக்கூடத்தில் இருந்த பி.ஹெச்டி அக்கா. "நைட் முடியலைன்னா காலையில ஆரம்பி. ஏழு மணிக்கு நான் வந்துடுவேன், பத்து மணி வரைக்கும் மெஷின் சும்மாதான் இருக்கும். அப்புறம் மத்தவங்ககிட்ட நான் பேசிக்கறேன்" என்றார். ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டுமென்றால் பி.ஜி-யில் டிபன் கிடையாது. மூன்று நாள் வெறும் வயிற்றோடு போனாள். நாலாவது நாள் சமையல் செய்யும் அம்மா டப்பாவை நீட்டினார். "முதல் ஈடு இட்லி. பொடி தடவியிருக்கேன், போற வழியில சாப்பிடு கண்ணு."

அந்த வாரம் கோடு முழுமையாக வந்தது. ஜூலையில் அறிக்கை கொடுத்தாள். உதவித்தொகை அதற்கடுத்த மாதம் வங்கிக்கு வந்தது. அதற்குள் குழுக் கடனுக்கு அம்மா மூன்று தவணை கட்டியிருந்தார்.

மூன்றாவது தோழி போகவே இல்லை. மூவரில் அதிக மதிப்பெண் அவளுக்குத்தான். வேறு மாநிலம், தங்க இடமும் உறுதியில்லை. "தெரியாத ஊர்ல தனி ரூமா? வேண்டாம்" என்று வீட்டில் முடித்துவிட்டார்கள். மெயிலுக்கு நன்றி சொல்லிப் பதில் அனுப்பினாள். அந்தக் கோடை அவள் டியூஷன் எடுத்தாள். தகுதி இல்லை என்று யாரும் அவளை நிராகரிக்கவில்லை. ஓர் அறை இல்லை, அவ்வளவுதான்.

விண்ணப்பிக்கும் பிள்ளைகளும் பெற்றோரும் முன்கூட்டியே சிலவற்றைக் கேட்டுக்கொள்வது நல்லது. விடுதி உண்டா, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை? உதவித்தொகை எப்போது கைக்கு வரும்? ஆய்வுக்கூடத்தில் எத்தனை மணி வரை வேலை இருக்கும்? வழிகாட்டும் பேராசிரியருக்கு ஒரு மெயில் போட்டாலே பாதிக்குப் பதில் கிடைத்துவிடும். அங்கே படிக்கும் சீனியர் ஒருவரின் போன் நம்பர் கிடைத்தால் மீதியும் தெரிந்துவிடும். அகாடமிகளின் திட்டத்துக்கு வழக்கமாக முந்தைய ஆண்டின் இறுதியிலேயே விண்ணப்பம் வாங்கிவிடுவார்கள். தேடுவதற்கு நேரம் இருக்கிறது.

அவளுடைய போனில் இப்போது ஒரு பட்டியல் இருக்கிறது. வேளச்சேரி, தரமணி பக்கம் எட்டு பி.ஜி-க்கள். வாடகை, அட்வான்ஸ், கேட் மூடும் நேரம், காலை டிபன் எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றுக்கும் நேரே குறிப்பு. இந்த வருடம் நான்கு ஜூனியர்கள் அதை வாங்கிப் போயிருக்கிறார்கள்.